ஆல்வினுக்கு யார் கிறிஸ் மாம்?

மூன்று நாளாக எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். காரணம், எங்கள் வகுப்புக்குப் புதிதாக வந்த ஆல்வின்.

கோவளத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் டிசம்பர் பிறந்தால் 'கிறிஸ் மாம்' விளையாட்டு தொடங்கிவிடும். எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்குவோம். உங்கள் கைக்கு யார் பெயர் வருகிறதோ, அவர் உங்கள் கிறிஸ் சைல்டு. நீங்கள் அவருக்குக் கிறிஸ் மாம். பையனாக இருந்தாலும் மாம்தான்! யாருக்கு யார் என்று மூச்சுவிடக் கூடாது. தினமும் ஒரு தாளில் 'இன்றைக்கு நீ இதைச் செய்' என்று எழுதி, மிஸ் மேசைமேல் இருக்கும் அட்டைப்பெட்டியில் போட வேண்டும். கடைசி நாளில்தான் பரிசைக் கொடுத்து, 'நான்தான்' என்று எழுந்து நிற்க வேண்டும்.

என் கிறிஸ் மாம் யாரோ, பெரிய கிராதகன். முதல் நாளே என்னைக் கழுதை மாதிரி கத்தச் சொன்னான். நானும் லேசுப்பட்டவள் இல்லை. என் கிறிஸ் சைல்டு ஸ்ரேயாஸை, "மீனு மீனேய்! வஞ்சிரம், சங்கரா!" என்று வகுப்பு முழுக்கக் கூவி விற்க வைத்தேன். பாவம், அவன் மீனைத் தொட்டியில் மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

ஆனால் ஆல்வினுக்கு? ஜோதிலட்சுமி மிஸ் படித்தார்.

"ஆல்வின், ஒரு டம்ளர் தண்ணீர் குடி."

மறுநாள், "ஆல்வின், ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்."

அதற்கு மறுநாள், "ஆல்வின், ஒரு வாழைப்பழம் சாப்பிடு."

"இன்னாடா இது அநியாயமாகீது!" என்று நிதின் கத்தினான். "உங்க சொந்த அம்மாவே எழுதி அனுப்புறாங்களா?"

வகுப்பே சிரித்தது. ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நல்ல மாம் யாரென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் முதல் ஆளாக வந்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ஆல்வின்தான் முதலில் வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். பெட்டியில் ஒரு தாளைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான்.

இவன் யாருக்கு மாம் என்றாவது பார்ப்போமே! தப்புதான். ஆனாலும் பிரித்துவிட்டேன்.

'ஆல்வின், உன் பென்சிலைச் சீவிக்கொள்.'

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சீட்டுக் குலுக்கிய அன்றுதான் ஆல்வின் எங்கள் பள்ளிக்கு வந்தான். கடைசியாக எடுத்தது அவன்தான். பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சீட்டு. அதில் அவன் பெயரே இருந்திருக்கிறது! 'சொந்தப் பெயர் வந்தால் திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள்' என்று மிஸ் சொல்லியிருந்தார். வேறு எதை எடுப்பான்? உண்மையைச் சொன்னால் முப்பத்தொரு பேரும் சீட்டைத் திருப்பித் தர வேண்டும். வந்த முதல் நாளே யார் எல்லாரிடமும் திட்டு வாங்குவார்கள்?

அப்படியென்றால் பரிசு? அதையும் தானே வாங்கி, தானே பிரிப்பானா? "யார் ஆல்வினோட கிறிஸ் மாம்?" என்று மிஸ் கேட்கும்போது என்ன செய்வான்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மிஸ்ஸிடம் சொல்லலாம். ஆனால் விஷயம் நிதின் காதுக்குப் போனால், மைக் செட் கட்டிச் சொன்ன மாதிரிதான். ஆல்வினை வருஷம் முழுக்க ஓட்டுவான்.

அவன் தாளை என் பையில் போட்டுக்கொண்டேன். இடது கையால் வேறு ஒன்று எழுதிப் பெட்டியில் போட்டேன்.

மிஸ் அதை எடுத்தார். ஆல்வின் பென்சிலும் ஷார்ப்னருமாகத் தயாராக இருந்தான்.

"ஆல்வின், இதுவரை உனக்குக் கிடைத்த கிறிஸ்துமஸ் பரிசுகளில் ரொம்பப் பிடித்தது எது? எல்லாருக்கும் சொல்."

ஷார்ப்னர் கீழே விழுந்தது. ஆல்வின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"ஸ்டியரிங், மிஸ்," என்றான் மெதுவாக. "எங்கப்பா வேன் ஓட்டுறாரு. எனக்கு அஞ்சு வயசு அப்போ. செங்கல்பட்டுல இருந்தோம். காயலான் கடைக்குப் போன ஒரு வேனோட ஸ்டியரிங்கக் கழட்டி, கழுவி, ரிப்பன் கட்டிக் குடுத்தாரு. வூட்டுக்குள்ளயே ஓட்டுவேன். சமையல் ரூம்தான் திருப்போரூரு. எங்கம்மாதான் பாசஞ்சரு."

"இப்போ அது எங்கேப்பா?" என்றார் மிஸ்.

"என் கட்டில்லயே கட்டி வெச்சிகீறேன், மிஸ். ஹாரன்தான் இல்ல. வாயாலயே அடிச்சிகினு இருந்தா தொண்ட கட்டிக்குது."

"வண்டி சிறுசேரி போவுமா?" என்று நிதின் கேட்டான்.

"ஏறு ஏறு! சில்லறை வெச்சிகினு ஏறு!" என்றான் ஆல்வின். அவனுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த நாளிலிருந்து ஆல்வின் பெட்டிப் பக்கமே வரவில்லை. தனக்கு நிஜமாகவே ஒரு கிறிஸ் மாம் இருப்பதாக நம்பிவிட்டான். அவனுக்கும் சேர்த்துத் தினமும் நானே எழுதிப் போட்டேன். இனிமேல் பரிசு மட்டும் வராமல் போனால் என்னைவிடப் பாவி யாரும் இல்லை!

எங்கள் நைனா எல்லப்பன், மெயின் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை அங்கே போய், பழைய சாமான் டிரம்முக்குள் தலையை விட்டேன். அடியில் கிடைத்தது, ரப்பர் பந்தை அமுக்கினால் 'பாம்' என்று கத்தும் பழைய ஹாரன். ஆனால் அமுக்கினால் 'புஸ்' என்றது.

"ரப்பர் கிழிஞ்சிகீதும்மா. யாருக்கு இது?" என்றார் நைனா.

"என் கிறிஸ் சைல்டுக்கு."

"உன் புள்ளைக்குத்தான் நேத்தே பேனா வாங்கிட்டியே?"

"இது ரெண்டாவது புள்ள, நைனா."

"அடிப்பாவி, சொல்லவே இல்லியே!" என்று சிரித்துக்கொண்டே பஞ்சர் ஒட்டும் டப்பாவை எடுத்தார். அரை மணி நேரத்தில் ஹாரன் 'பாம்' என்றது.

கடைசி நாள் வந்தது. பெரிய சவுக்குக் கிளையைத் தொட்டியில் நட்டு, நட்சத்திரம் தொங்கவிட்டிருந்தோம். அதன் கீழே பொட்டலங்கள். நான் ஸ்ரேயாஸுக்குப் பேனா கொடுத்தேன். என் கிறிஸ் மாம் யார் தெரியுமா? நிதினேதான்! இரண்டு ஹேர் கிளிப் கொடுத்தான். நான் கத்திய கத்தலுக்கு இருபது கொடுத்திருக்க வேண்டும்.

"ஆல்வின்!"

ஆல்வின் பொட்டலத்தைப் பிரித்தான். ஹாரனைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ஒரு அமுக்கு அமுக்கினான். பாம்! பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"யார் ஆல்வினோட கிறிஸ் மாம்?"

எழுந்தேன்.

"ஏய் விஷாகா, நீ ஸ்ரேயாஸோட மாம்தானே?" என்றான் நிதின். "உனக்கு எப்பிடி ரெண்டு?"

"சீட்டு ரெண்டு ஒட்டிக்கினு வந்துச்சு," என்றேன்.

"அப்போ, தண்ணி குடி, பழம் துன்னுன்னு எழுதினதெல்லாம் நீயா?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

ஸ்ரேயாஸ் துள்ளி எழுந்தான். "மிஸ், இது அநியாயம்! அவனுக்கு வாழைப்பழம், எனக்கு மட்டும் வஞ்சிரமா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் கணக்கு டீச்சர் ஆயிற்றே! என்னைப் பார்த்தார். ஆல்வினைப் பார்த்தார்.

"ஒட்டியிருக்கும், ஒட்டியிருக்கும்," என்றார். "நான்தான் பசைக் கையோட மடிச்சேன்."

"ரெண்டு ஒட்டிச்சுன்னா ஒரு சீட்டு குறையுமே, மிஸ்?" நிதின் விடுவதாக இல்லை.

"எனக்குத்தான் குறைஞ்சுது," என்றான் ஆல்வின். "சீட்டே வரல. அதனால நானே ஒரு ஆளைப் புடிச்சிகினேன்."

தன் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். மேலே இருந்த பெயரைப் பேனாவால் கிறுக்கி அடித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

மதியம் சாப்பிட்டபின் அதைப் பிரித்தேன். உள்ளே புத்தம்புது லூடோ அட்டை.

"இது நீ உனக்குன்னு வாங்கினதுதானே?" என்று அவன் காதில் கேட்டேன்.

"ம். ஒருவேளை உன் பரிசு வராமப் போனா வேணுமேன்னு எடுத்துகினு வந்தேன்."

"இத நீ தனியா எப்பிடி ஆடுவ?"

"நாலு கலரும் நானே வெச்சிக்கலாம்னு இருந்தேன்."

நான் அட்டையைத் தரையில் விரித்தேன்.

"அதெல்லாம் முடியாது. சிவப்பு எனக்கு," என்றேன்.

"மஞ்சள் எனக்கு!" என்று நிதின் குதித்து வந்து உட்கார்ந்தான். "என்னை மீன் விக்க வெச்சே இல்ல? உன் காயை வெட்டாம விடமாட்டேன்," என்று ஸ்ரேயாஸ் நீலத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

பச்சை ஆல்வினுக்கு. முதல் ஆறும் அவனுக்குத்தான் விழுந்தது.