வலது தண்டு ஏறவில்லை

"அண்ணா...ஆ!"

லோர்னாவின் அலறல் வெள்ளச் சைரனையே அமுக்கியது.

மரிக்கினா ஆறு ஏறிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து பாய்ந்து வந்த அவள் கணவன் ரோடெல், படிக்கட்டிலேயே உறைந்தான்.

சாமான் தூக்கும் மேடை வலப்பக்கம் சரிந்திருந்தது. அதன் மேலிருந்த ஃப்ரிட்ஜ் தரையில். ஃப்ரிட்ஜுக்கு அடியில்... லோர்னாவின் அண்ணன் நெஸ்டர்!

வெள்ளம் வந்தால் சாமான்களை உயர்த்த ரோடெல் தன் கையால் செய்த மேடை. இரண்டு பக்கமும் மோட்டாரில் நீளும் இரும்புத் தண்டு. மாடியில் சுவிட்ச்.

"ஐயோ... மச்சானை நானே கொன்னுட்டேன்!"

"மூச்சு இருக்குங்க! அழுவாம ஃப்ரிட்ஜைத் தூக்குங்க!"

ஆம்புலன்ஸ் வந்தது. கூடவே போலீஸ் சார்ஜென்ட் பெலென். முழங்கால் வரை சேறு. வாயில் சூயிங்கம்.

"சுவிட்ச் போட்டது யாரு?"

"நான்தான் மேடம்." ரோடெல் தலையில் அடித்துக்கொண்டான். "இடது தண்டு கொஞ்சம் முந்தும். ரெண்டையும் அளந்து, முந்துறதை நிறுத்தி வைக்க சென்சார் மாட்டணும். வாங்கி வச்சும் மாட்டலை... சோம்பேறித்தனம்! சைரன் கேட்டதும் கீழே யார் இருக்காங்கன்னுகூடப் பார்க்காம அழுத்திட்டேன்!"

"எவ்வளவு முந்தும்?"

"ஒரு விரல் அகலம்..."

பெலென் நிமிர்ந்து பார்த்தாள். மேடையின் இடது முனை அவள் தோளுக்கு. வலது முனை முட்டிக்கு.

"யாரோட விரல்? யானையோடதா?"

குனிந்து டார்ச் அடித்தாள்.

வலது மோட்டாரின் ஒயர்... கச்சிதமாக நறுக்கப்பட்டிருந்தது!

"வழக்கமா இந்த இடத்துல யார் நிப்பா?"

"நான். சாமான் ஆடாம பிடிச்சுப்பேன். லோர்னா மேலே சுவிட்ச் போடுவா. இன்னைக்குத்தான் நான் மேலே இருந்தேன்."

பெலென் மெல்லத் திரும்பினாள்.

"அப்போ... புருஷன் கீழே, பொண்டாட்டி கையில சுவிட்ச்?"

"மேடம்! சத்தியமா நான் இல்லை!" லோர்னா வெளிறிப்போனாள்.

ஸ்ட்ரெச்சரில் நெஸ்டர் கண் திறந்தான். ரோடெல் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான்.

"மன்னிச்சிடு மச்சான்! மேலேயிருந்து நான்தான்..."

நெஸ்டர் அரை மயக்கத்தில் எரிந்து விழுந்தான்.

"உன்னை யாருடா மேலே போகச் சொன்னது? கீழே நிக்க வேண்டியவன் நீதானே...! நீ இருக்கிற வரைக்கும் வீட்டை விக்க விடமாட்டியே..."



அவன் மறு கையிலிருந்து கட்டிங் பிளேயர் நழுவி விழுந்தது.

அண்ணனின் செருப்பை நெஞ்சோடு அணைத்திருந்த லோர்னா, அதைச் சேற்றில் வீசினாள்.

ரோடெல் மட்டும் இன்னும் தேம்பினான். "ஆனாலும் மேடம்... பார்க்காம அழுத்தினது நான்தானே?"

"அதுக்கு நாளைக்கு ஸ்டேஷன் வந்து ஆற அமர அழுங்க!" பெலென் சூயிங்கம்மைத் துப்பினாள். "இப்போ வழி விடுங்க... நோயாளி கூட ஒரு போலீஸ்காரர் ஏறணும். பாவம், தனியாப் போனா பயந்துக்கப் போறார்!"