முதல் தீ மூட்டியவள்

வடதேசத்துக் குளிர்காலம்; மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. தஹ்வோவும் அவன் மனைவி ஹில்யாவும் பனிச்சறுக்கு வண்டியிலிருந்து புது வீட்டு வாசலில் இறங்கினார்கள். கதவைத் திறந்ததும் பச்சை மரத்தின் வாசனை. செங்கல் அடுப்பில் இன்னும் கரி படவில்லை.

இருவரும் அடுப்பைப் பார்த்தார்கள். விறகை யாரும் தொடவில்லை.

ஒரு வீட்டில் முதல் தீயை மூட்டுகிறவருக்குச் செத்த பிறகு கல்லறையில் தூக்கம் கிடையாது. அந்த வீட்டுக்கே காவலாக நிற்க வேண்டும். அந்தக் காட்டுப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் மூத்தவர் மனமொப்பி மூட்டுவார். தஹ்வோவுக்கு மூத்தவர் யாரும் இல்லை.

"ஆம்பளைதானே? மூட்டேன்," என்றாள் ஹில்யா.

"நீ மூட்டு. செத்தாலும் இந்த வீட்டை விடமாட்டேன்னு சொன்னவ நீதானே."

கதவு தட்டப்பட்டது.

லொவீசா. வீடு வீடாகப் பிச்சை எடுக்கும் கிழவி. இரண்டு கண்களிலும் வெள்ளை படர்ந்திருந்தது.

"கொஞ்சம் குளிர்காஞ்சுட்டுப் போறேன், தம்பி."

"தாராளமா. நீங்களே அடுப்பை மூட்டிக்குங்கம்மா. நாங்க மூட்டையெல்லாம் இறக்கணும்."

அவள் மூக்கை உறிஞ்சிச் சிரித்தாள். "பச்சை மரம் வாசம் அடிக்குதே. முதல் தீயை என் தலையில கட்டப் பார்க்குறியா, கள்ளப்பயலே?"

"ஐயோ, போன வாரமே நான் மூட்டிட்டேனே."

ஹில்யா விறகுக் கூடையைக் கிழவி பக்கம் நகர்த்தினாள்.

கிழவி பிர்ச் மரப்பட்டையைத் தடவி எடுத்துப் பற்றவைத்தாள். "இந்த வீடு நல்லா இருக்கட்டும்," என்றாள்.

அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்கத் தஹ்வோவால் முடியவில்லை. கறுப்பு ரொட்டி ஒன்றைக் கையில் திணித்து, அடுத்த வீடு பக்கம்தான் என்று அனுப்பிவைத்தான். அடுத்த வீடு ஏரிக்கு அந்தக் கரையில் இருந்தது.

மூன்றாம் நாள் ஏரிக்கரையில் விறைத்துக் கிடந்தாள். ரொட்டி கடிபடாமல் மடியில் இருந்தது.

அடக்கம் முடிந்ததும் பாதிரியார் அவன் தோளைத் தட்டினார். "கடைசியா அவளுக்குக் குளிர்காய இடம் கொடுத்தது நீதானாமே. நல்ல மனசுப்பா."

தஹ்வோ தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான்.

அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே இதமான சூடு. நனைந்த கம்பளியின் நாற்றம். அடுப்புக்கு முன்னால் தரை ஈரமாக இருந்தது.

"உண்மையை அவகிட்டச் சொல்லிடு," ஹில்யா கிசுகிசுத்தாள். "சொன்னா போயிடுவா."

அவன் ஈரத்தைத் துடைத்தான். அதன்பின் ஒவ்வொரு நாளும் அவர்கள் எழுவதற்குள் அடுப்பு எரிந்தது. அடக்கம் முடிந்த நான்காம் நாள் அடுப்பில் தண்ணீரை ஊற்றினான். சாம்பலை வழித்தான். புது விறகை அடுக்கினான். மண்டியிட்டான்.

"பொய் சொன்னேம்மா. நான் மூட்டலை. நீங்கதான் முதல். இனிமே நானே மூட்டிக்கிறேன். நீங்க போய்த் தூங்குங்க."

தீக்குச்சியைக் கிழித்தான். அணைந்தது.

காற்று இல்லை.

இன்னொன்று. அதுவும் அணைந்தது.

மூன்றாவதை இரு கைகளுக்குள் பொத்திப் பிடித்தான்.

கைகளுக்குள்ளே யாரோ ஊதினார்கள்.

பிறகு அடுப்பில் விறகு தானாகப் பற்றிக்கொண்டது. எந்நாளையும்விட நன்றாக எரிந்தது.

ஹில்யா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாத்திரங்கள் பறந்திருந்தால், கூரை இடிந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று தஹ்வோவுக்குத் தோன்றியது. இந்தச் சூட்டைத் தாங்க முடியவில்லை. மாட்டைப் பார்த்து வருகிறேன் என்று எழுந்து, ஆணியிலிருந்து கையுறையை எடுத்தான்.

வலது கையுறையின் கட்டைவிரலில் குளிர்காலம் முழுக்க ஒரு ஓட்டை இருந்தது. அது நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது.

ஹில்யாவைப் பார்த்தான். அவள் தலையசைத்து மறுத்தாள்.

பல்லால் கடித்து அறுத்த நூலின் நுனி இன்னும் ஈரமாக இருந்தது.