பதினேழாவது வேலை

காலை ஒன்பது பதினேழுக்கு இரண்டாவது இயந்திரம் சிறுமியை நீக்கி முடித்தது. மூன்று புள்ளி எட்டு நொடி. இன்பசாகரன் அதைத் தாளில் குறித்தான். பக்கத்தில், வழக்கம்போல், 'சிவப்புக் கறை மிச்சம், அரை மதிப்பெண் குறைவு' என்று எழுதினான். பிறகு மூலப்படத்தை மறுபடி ஏற்றினான். சிறுமி திரும்பி வந்தாள்.

கோவை அளவை நிலையத்தில் பதினோரு ஆண்டுகளாக இதுதான் அவன் வேலை. படத்திருத்தி மென்பொருள் ஒன்று. வேகத்தை அளக்க எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான அளவுப்படம் ஒன்று. செய்யவேண்டிய வேலைகள் இருபத்து நான்கு, ஒரே வரிசையில். மாறுவது இயந்திரம் மட்டும். நிறுவனங்கள் கணினிக்குப் புதிய செயலியோ படம் வரையும் சில்லோ செய்தால், அதைப் பொருத்திய இயந்திரத்தை இங்கே அனுப்பும். அவன் ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டி, எந்த வேலைக்கு எத்தனை நொடி என்று எழுதுவான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் மூலப்படம் ஒரு புள்ளிகூட மாறாமல் இருக்கவேண்டும். தொடக்கம் மாறினால் ஒப்பீடு இல்லை. அது அந்த அறையின் முதல் விதி.

இரண்டாவது விதி, நிலையத்தைச் சேராத யாரும் படத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் அந்த ஒரு படத்தில் மட்டும் வேகமாக ஓடும்படி சில்லைப் பழக்கிவிடுவார்கள். வேலைப் பட்டியலை எல்லோருக்கும் கொடுக்கலாம், படத்தைக் கொடுக்கக் கூடாது. அதனால் திரை சுவரைப் பார்த்து இருந்தது. நிறுவனத்திலிருந்து வருபவர் இடுப்புயரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கடிகாரத்தை மட்டும் பார்க்கலாம்.

அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர் தன்ஷிகா. ஐம்பத்தாறு வயது. மூன்றாவது இயந்திரத்தோடு கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த பொருத்துநர். இயந்திரத்தைத் தாங்கியில் ஏற்றி, இணைப்புகளைச் சரிபார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற நிறுவனங்களின் ஆட்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள், தூங்குவார்கள். இவர் திரையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது இயந்திரத்தை ஓட்டினான். இருபத்து நான்கு வேலைகளும் பதினொரு நொடியில் முடிந்தன. முந்தைய இரண்டும் ஒரு நிமிடத்தைத் தாண்டியவை. பதினேழாவது வேலைக்கு முக்கால் நொடி. கறை இல்லை. அவன் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தான்.

"என்ற ஊட்டுக்காரரு ஒரு செருப்பத் தேடி எடுக்கறதுக்குள்ள இது ஊரையே அழிச்சு எழுதிப்போடும்ங்" என்றார் தன்ஷிகா. சொன்னவர் சிரிக்கவில்லை.

இந்த வேகம் எதற்கு என்று அந்த நாட்களில் யாரும் கேட்பதில்லை. எல்லோருடைய படங்களும் படமனை என்ற பொதுச் சேமிப்பில் இருந்தன. கைப்பேசியிலோ வீட்டிலோ யாரும் படம் வைத்துக்கொள்வதில்லை. பார்க்கும்போது படமனையிலிருந்து வரும், மூடினால் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை, போகியன்று, படமனை தன்னிடமுள்ள எல்லாப் படங்களையும் திருத்தும். போகித் திருத்தம் என்று பெயர். அந்த ஒரு நாளைக்குள் முடித்தாக வேண்டும். ஆகவே இயந்திரத்தின் வேகம் எவ்வளவோ அவ்வளவுதான் திருத்தம். முதல் ஆண்டுகளில் வெளிச்சத்தை மட்டும் சரிசெய்தார்கள். சில்லுகள் வேகமாக ஆக, தோலைச் சரிசெய்தார்கள். பிறகு மூடிய கண்களைத் திறந்தார்கள். பிறகு பின்னால் நின்ற அந்நியர்களை எடுத்தார்கள். பழைய படியை யாரும் வைத்திருக்கவில்லை. ஒப்பிட எதுவும் இல்லாததால் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை.

இன்பசாகரனின் மேசையிலும் ஒரு சிறு திரைச் சட்டத்தில் அவன் அம்மாவின் படம் இருந்தது. இறந்து ஆறு ஆண்டுகள். ஆண்டுக்கு ஆண்டு அம்மா நன்றாகிக்கொண்டே வந்தாள். இந்தப் போகிக்குப் பிறகு பல்வரிசை பளிச்சென்று இருந்தது. அவனுக்கு அதில் மகிழ்ச்சிதான்.

மூன்றாவது ஓட்டம் முடிந்ததும், இன்னொன்று உண்டா என்று தன்ஷிகா கேட்டார். இல்லை, இந்தப் படத்துக்கே இதுதான் கடைசி என்றான். எல்லா நிறுவனங்களுக்கும் அறிவிப்புப் போயிருந்தது. இவ்வளவு வேகமான சில்லுகளுக்கு இருபத்து நான்கு வேலைகள் போதவில்லை. நாளையிலிருந்து அறுபது வேலைகள் கொண்ட புதிய அளவுப்படம். அது யாரும் எடுத்ததல்ல, இயந்திரமே வரைந்தது. பழைய மூலப்படம் மாலை ஐந்து மணிக்கு அழிக்கப்படும்.

"தெரியுமுங்க. அதுக்குத்தான் வந்தனுங்" என்றார்.

இங்கே வரவேண்டியவர் வேறொருவர். தன்ஷிகா அவரிடம் கெஞ்சி முறை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பையிலிருந்து வேலைப் பட்டியலை எடுத்தார். மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த தாள். நான்கு வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு.

மூன்று: இடது கண்ணை வலது கண்ணின் அளவுக்கு விரி. எட்டு: ஏறி நிற்கும் மேல் முன்பல்லை வரிசைக்குக் கொண்டுவா. பதினொன்று: தாடையில் உள்ள பிறைத் தழும்பை நீக்கு. பதினேழு: பின்னால் நிற்கும் சிறுமியை நீக்கு.

தன் ஒன்பது வயதில் அம்மா இறந்துவிட்டதாக அவர் சொன்னார். இடது கண் சிறியது, பல் ஏறியிருக்கும், தாடையில் அரிவாள்மணை பட்ட தழும்பு. அப்படித்தான் அவருக்கு நினைவு. படமனையில் உள்ள அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை. திருப்பூரில் இருக்கும் அண்ணன் தழும்பே கிடையாது என்று அடித்துச் சொல்கிறார், சந்தேகம் என்றால் படத்தைப் பார் என்கிறார். வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். நாற்பது வயதுக்குமேல் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இல்லாத ஒருத்தியை அம்மா என்று வைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று. எட்டு மாதம் முன்னால் பொருத்துநர் பயிற்சியில் இந்தப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள்.

"அண்ணன் பொய் சொல்லலைங் தம்பி. அவனுக்கு நெனப்பே அந்தப் படத்துல இருந்துதான் வருது. எனக்கும் அப்படி ஆயிப்போகுமோன்னு பயமா இருக்குதுங்க."

படத்தைப் பற்றிப் பேச விதியில் இடமில்லை என்று இன்பசாகரன் சொன்னான். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை. ஏறிய பல்லும் தழும்பும் யாருக்கும் இருக்கலாம் என்றும் சொன்னான்.

"இருக்கலாமுங்க. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறன். ஆமா, இல்ல, அவ்வளவு போதும். அந்தப் புள்ள கையில ஒத்தச் செருப்பு இருக்குதுங்களா? செகப்புச் செருப்பு. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல வாரு அறுந்துபோச்சு. டீ குடிச்சுப்போட்டு தெச்சுக்கலாம்னு அம்மா சொல்லுச்சு. ஒரு காலேஜுப் பையன் பெரிய கேமராவ வெச்சுட்டு எதுக்கால நின்னான். அம்மா அவனத் திட்டுச்சு."

அவன் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

பதினோரு ஆண்டுகளில் சில ஆயிரம் முறை அந்தப் படத்தைத் திறந்திருந்தான். எதற்காக இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியும். இணையத்தையே பார்த்திராத ஒரு பழைய வன்தட்டில் கிடைத்தது. கடினமான படம். டீயின் ஆவி, கட்டம்போட்ட புடவை, சுருள்முடி, கம்பித் தடுப்பு, எல்லாம் சில்லுகளைத் திணறவைப்பவை. அவன் ஆவியைப் பார்த்திருந்தான். கட்டங்களின் ஓரத்தைப் பார்த்திருந்தான். அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை.

பெரிதாக்கினான். படத்துக்காக நிற்பவளாக அவள் இல்லை. எரிச்சலில் பாதி வாய் திறந்திருந்தது, ஏறிய பல் தெரிந்தது. வலது கையில் டீ கிளாஸ். இடது கை பின்னால் நீண்டு, விரல்கள் விரிந்து இருந்தன. அதற்கு ஒரு முழம் தள்ளிச் சிறுமி. ஒரு கால் வெறுங்கால். அந்தக் காலை மற்றதன்மேல் வைத்துக்கொண்டு கம்பியில் சாய்ந்து நின்றாள். மார்போடு சேர்த்து எதையோ பிடித்திருந்தாள். சிவப்பு.

பதினெட்டாவது வேலை அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பதினெட்டு: இடது கையை உடலோடு சேர். சிறுமியை எடுத்துவிட்டால் அந்தக் கை எதையும் தேடாமல் காற்றில் நிற்கும். அதையும் மடக்கவேண்டியிருந்தது.

அவன் வெளியே வந்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முடிவுத்தாளை எடுத்தான். முதல் இரண்டு இயந்திரங்களுக்கு நேராக இருந்த 'சிவப்புக் கறை மிச்சம்' என்பதைக் கோடிட்டு அடித்து, மேலே திருத்தி எழுதினான். நிறுவனத்திலிருந்து வந்தவர் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதுவும் விதிதான். தாளைத் தடுப்பின்மேல் வைத்துத் தன்ஷிகாவின் பக்கம் திருப்பினான்.

அவர் மேலிருந்து படித்துக்கொண்டு வந்தார். பதினேழாவது வரியில் விரல் நின்றது. 'செருப்பு மிச்சம், அரை மதிப்பெண் குறைவு.'

வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

"போதுமுங்க" என்றார். "இது போதும் தம்பி. நல்லா இருக்கோணும் நீங்க."

தாள் பகுதித் தலைவர் ஃபர்ஹானாவிடம் போனது. பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. அடித்தல் உள்ள முடிவுத்தாளை அவர் இருபது ஆண்டுகளில் பார்த்ததில்லை.

"பதினோரு வருஷம் கறைன்னு எழுதிட்டு, கடைசி நாள்லதான் கண்ணு தெரிஞ்சுதா இன்பா?"

அவன் நடந்ததை முழுவதும் சொன்னான். மூலப்படத்தின் ஒரு படியைத் தரமுடியுமா என்றும் கேட்டான். அவருடைய முகம் மாறவில்லை. இதற்காக அவன் வேலை போகலாம் என்றார். படி தருவதற்கு வழியே இல்லை. தந்தாலும் பயனில்லை. கைப்பேசியில் ஏறிய மறுநிமிடம் அது படமனைக்குப் போய்விடும். அடுத்த போகியில் கண்ணும் பல்லும் சரியாகிவிடும், சிறுமி இருக்கமாட்டாள்.

பிறகு எழுந்து விதிப் புத்தகத்தை எடுத்துவந்து, உட்காராமல், நின்றபடியே படித்தார். அவர் எப்போதும் விதியை நினைவிலிருந்து சொல்பவர்.

"படம் ரகசியம். எதுவரைக்கும்? அளவுப்படமா இருக்கற வரைக்கும். அஞ்சு மணிக்கு மேல அது அளவுப்படம் இல்ல." பக்கத்தைப் புரட்டினார். "எண்வடிவ மூலத்தை அழிக்கணும். சரி. நிறத்தாளைப் பத்தி என்ன போட்டிருக்கு பாரு."

இன்பசாகரன் நிறத்தாளை மறந்தே போயிருந்தான். திரைகளின் நிறம் நாளடைவில் மங்கும். அதைச் சரிபார்க்க மூலப்படத்தைத் தாளில் அச்சிட்டு, வெளிச்சம் படாத கறுப்பு உறையில் வைத்திருப்பார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பூட்டிய இழுப்பறையில் அது இருந்தது. நிறத்தாளைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரிதான். பயன் முடிந்தபின் கழிவில் சேர்க்க.

"கழிவுப் பெட்டி எங்க இருக்கு?" என்று ஃபர்ஹானா கேட்டார்.

"வாசல்ல."

"அதுக்கு அந்தப்பக்கம் எனக்கு விதி தெரியாது. அஞ்சு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்தாலும் நான்தான் உன்மேல புகார் எழுதுவேன்."

தன்ஷிகா மாலைவரை இருந்தார். இயந்திரத்தைத் தாங்கியிலிருந்து இறக்கினார், பெட்டியில் வைத்தார், பட்டைகளை இறுக்கினார். யாரும் அவரிடம் எதையும் உறுதிசொல்லவில்லை. ஐந்து மணிவரை இருங்கள் என்று மட்டும் இன்பசாகரன் சொல்லியிருந்தான்.

ஐந்து மணிக்கு ஃபர்ஹானா வந்து பக்கத்தில் நின்றார். அழிப்பதற்கு ஒப்புதலாக இருவரும் விரல்ரேகை வைத்தார்கள். மூலப்படம் அழிய ஒரு நொடிகூட ஆகவில்லை. பழக்கத்தில் இன்பசாகரன் நேரத்தைக் குறிக்கப் பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தான். திரை வெறுமையாக இருந்தது. ஃபர்ஹானா திரையைச் சுவரிலிருந்து அறையைப் பார்க்கத் திருப்பிவிட்டுப் போனார்.

அவன் இழுப்பறையைத் திறந்து கறுப்பு உறையை எடுத்தான். கழிவுப் பெட்டிவரை போனான். பெட்டிக்கு அருகில் தன்ஷிகா நின்றிருந்தார். உறையைப் பெட்டியில் போடவில்லை, அவர் கையில் கொடுத்தான்.

அவர் உடனே பிரிக்கவில்லை. சட்டையில் இரண்டு கைகளையும் துடைத்தார். தாளை ஓரத்தில் மட்டும் பிடித்து வெளியே எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மிக அருகில் வைத்துப் பார்த்தார். முதலில் தாடை. பிறகு கண். பிறகு பல்லுக்கு வந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்தார். அவருக்கும் மேல் முன்பல் ஒன்று ஏறியிருந்தது. காலையிலிருந்து இன்பசாகரன் அதைக் கவனிக்கவில்லை.

"திட்டீட்டே இருக்குது பாருங்க. இப்பத்தான் காதுல கேக்குது."

நீண்டிருந்த இடது கையைத் தொட்டார். தொட்ட விரலை அப்படியே சிறுமிவரை நகர்த்தினார்.

"கூப்புட்டிருக்குது" என்றார். "எனக்கு இது நெனப்பே இல்லீங். கோவத்துலயும் என்னையக் கூப்புட்டிருக்குது."

அண்ணனிடம் காட்டப்போவதாகச் சொன்னார். தான் ஜெயித்ததைச் சொல்ல அல்ல, பாவம் அவனும் ஒருமுறை பார்க்கட்டும் என்று. அவனுக்கு அப்போது பதினோரு வயது, அம்மா அவனைத்தான் நிறையத் திட்டும் என்றார். பிறகு நன்றி சொன்னார். உள்ளே இருந்த அம்மாவுக்கும், அதாவது ஃபர்ஹானாவுக்கும், சொல்லச் சொன்னார். படம் எடுத்த அந்தக் கல்லூரிப் பையன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்றார்.

இன்பசாகரனுக்குக் கூச்சமாக இருந்தது. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, வேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றான்.

"மாத்தாம வெச்சிருந்தீங்களே தம்பி. ஊருல வேற ஆரு அதச் செஞ்சாங்க?"

வண்டி வரும்வரை உள்ளே உட்காரச் சொன்னான். தன்ஷிகா அவன் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, தாளை உறையில் வைத்து, உறையை மடியில் வைத்துக்கொண்டார். அப்போது மேசைமேல் இருந்த சட்டம் கண்ணில் பட்டது. குனிந்து பார்த்தார்.

"உங்கம்மாங்களா?"

அவன் தலையசைத்தான்.

அவர் படத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். குரலில் கேலி இல்லை. நலம் விசாரிப்பவர்போலக் கேட்டார்.

"பல்லு எப்படிங் தம்பி இருந்துது அவங்களுக்கு?"