நீதிபதி பார்த்த கடல்

அகநுழைவியின் வெள்ளித் தொப்பியை நீதிபதி தில்லைநாயகம் தலையில் பொருத்திக்கொண்டதும் தூத்துக்குடி நீதிமன்றம் அடங்கிப்போனது. கூண்டில் சவரிமுத்து கைகூப்பி நின்றான்.

மனைவி ரெஜினாவைக் கடலில் தள்ளிக் கொன்றான் என்பது வழக்கு. செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறியாத சித்தக் கலக்கத்தில் செய்தவருக்குத் தண்டனை இல்லை. அந்தக் கலக்கத்தை நிரூபிப்பதுதான் ஒரு காலத்தில் பெரும்பாடு. மருத்துவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். இப்போது, பிடிபட்ட அன்றே மூளையிலிருந்து எடுத்த நினைவுத் தடங்களுக்குள் நீதிபதியையே வாழவைக்கிறது அகநுழைவி. அவர் சொல்வதே இறுதிச் சான்று.

சிகிச்சையில் சவரிமுத்து தெளிந்துவிட்டான். அந்த நாளின் நினைவும் கரைந்துபோயிருந்தது. வழக்கறிஞர் நப்பின்னையிடம் அவன் கேட்டது ஒன்றுதான்.

"ஜெயிலுக்குப் பயமில்லக்கா. நான் தெரிஞ்சு செய்யலன்னு எம் மக நம்பணும். கோர்ட்டு சொன்னா நம்புவா."

தில்லைநாயகம் கண்ணை மூடினார்.

துறைமுகச் சுவரின் மேல் நின்றிருந்தார். வானமெங்கும் பச்சை வெளிச்சம். பக்கத்தில் ரெஜினா. அவள் கழுத்தோரத்தில் செவுள்கள் வறண்டு துடித்தன. காற்று அவளை எரித்துக்கொண்டிருந்தது. கீழே கடல் மெல்ல அவள் பெயர் சொல்லி அழைத்தது. அவளை அணைத்து, நெற்றியில் முத்தமிட்டு, தண்ணீரில் விட்டார். அவள் பளபளத்துக்கொண்டு ஆழத்துக்குள் போனாள். அப்படியொரு நிம்மதியை அவர் அதுவரை அறிந்ததில்லை.

தொப்பியைக் கழற்றியபோது அவர் கன்னங்கள் நனைந்திருந்தன.

"சித்தக் கலக்கம் என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை. என்ன செய்கிறோம் என்று இவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதில் தவறும் இல்லை. மூச்சுத் திணறிய மனைவியைக் காப்பாற்றியிருக்கிறார். விடுதலை செய்கிறேன்."

நப்பின்னை பதறி எழுந்தாள். "ஐயா, அது அவரோட பிரமை! நீங்க இன்னும் அதுலயே இருக்கீங்க!"

"நானே பார்த்தேன்மா."

"விடுதலை வேண்டாம்யா!" சவரிமுத்து கதறினான். "அவ செத்துட்டாய்யா. எனக்கு அப்ப புத்தி பேதலிச்சிருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

பின்வரிசையிலிருந்த அவன் மகள் எழுந்து, அவனைப் பார்க்காமலேயே வெளியே நடந்தாள்.

நீதிபதி மேசைமேல் சாய்ந்து, குழந்தையிடம் பேசுவதுபோலச் சொன்னார். "அவங்க சாகலப்பா. நீந்திப் போனாங்க. ஒரு தடவ திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க."

சவரிமுத்துவின் அழுகை நின்றது. கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அவர் முகத்தையே பார்த்தான்.

"சிரிச்சாளாய்யா?" என்றான்.