சிவப்புக் கோட்டோரம் வெள்ளை பூட்ஸ்

"டூட்டிப் பலகையில உங்க பேரை எழுதிட்டு நீங்க கிளினிக்குக்கு ஓடினா, அதுக்குப் பேரு மேற்பார்வையா டாக்டர்?" ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிஸ்டர் ககாய் கத்தியது வராண்டா முழுக்கக் கேட்டது.

"எதிர்த்தாப்லதானே இருக்கேன். ஒரு போன் போட்டா வந்துடறேன்," என்றார் பெரிய சர்ஜன் வாமோனோ. "பித்தப்பைதானே, நபுவீரே பாத்துக்குவா."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

வாமோனோ வெள்ளை ரப்பர் பூட்ஸைக் கழற்றி, வெளிச்செருப்பு தாண்டக் கூடாத சிவப்புக் கோட்டோரம் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். அந்த மலையடிவார ஆஸ்பத்திரியில் பலகையை யாரும் நம்புவதில்லை. கோட்டோரம் பூட்ஸ் நின்றால் ஆள் வெளியே. பூட்ஸைக் காணோம் என்றால் ஆள் உள்ளே.

உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த பயிற்சி சர்ஜன் நபுவீரே அத்தனையும் கேட்டாள். மேஜையில் படுத்திருந்த நம்போசோ, சந்தையில் வாழைத்தார் விற்பவள், மயக்கம் ஏறுமுன் கேட்டாள்: "பெரியவரு உள்ளதானே இருப்பாரு, டாக்டரம்மா?"

நபுவீரே தலையாட்டிவைத்தாள். வேறென்ன செய்வாள், பாவம்.

வாமோனோவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னால் நின்று இடது தோளில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் மேற்கொண்டு வெட்டு. இரண்டு என்றால் நிறுத்து. போன மாதம் பயிற்சியிலிருந்த முகிடே, "சார் தட்டினாரு, வெட்டினேன்," என்றான். நோயாளி பிழைக்கவில்லை. "நான் கிளினிக்ல இருந்தேன்," என்றார் சார். இருவரில் யார் சொல்வது புளுகு என்று ஆஸ்பத்திரிக் குடியிருப்பே பந்தயம் கட்டாத குறை.

மழை தகரக் கூரையில் இறங்கி, ஜெனரேட்டரின் உறுமலை அமுக்கி, ஸ்பிரிட்டும் சுட்ட சதையும் கலந்த வாடைக்குள் எங்கிருந்தோ ஈரச் சேற்று மணத்தைக் கொண்டுவந்து சேர்த்தபோது, நபுவீரேவின் முதுகுக்குப் பின்னால் ரப்பர் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம் மெல்லக் கேட்டது. சளக். சளக்.

ககாய் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். கோட்டோரம் காலி. "வந்துட்டாரு போல," என்றார் முகமூடிக்குள்.

தோளில் ஒரு தட்டு. நபுவீரேவுக்கு உயிர் வந்தது. கத்தரியை எடுத்தாள்.

வெட்ட வேண்டிய குழாய் மெலிசாக இருக்கும். இது தடித்திருந்தது. ஈரலிலிருந்து இறங்கும் குழாயோ? போன மாதம் முகிடே வெட்டியது அதைத்தான்.

"சார், இது வேற மாதிரி தெரியுது."

ஒரு தட்டு.

"சார், இதை வெட்டினா பொழைக்கமாட்டா."

தட்டு. அங்கி வழியே ஈரம் இறங்கியது. குளிர்ந்த ஈரம்.

எதிரே நின்ற ககாயின் கண்கள் அவள் தோளுக்கு மேலே போய்த் திரும்பின. "யார்கிட்ட பேசறீங்க?"

"சாருக்கு... ஒரு போன் போடச் சொல்லுங்க."

மயக்க மருந்துக்காரர் போனை உயர்த்திப் பிடித்தார். வாமோனோவின் குரல் சாவகாசமாக வந்தது: "சொல்லுங்கப்பா. இங்க ஒருத்தருக்குத் தையல் போட்டுட்டிருக்கேன்."

தோளில் தட்டு.

மறுபடி ஒற்றைத் தட்டு. நகம் பட்டது. வெட்டு என்றது தோளிலிருந்த கை. விரல் மூடப் பார்த்தது. அவள் விரல்தான்.

"மாட்டேன்," என்றாள். கத்தரி தரையில் விழுந்தது.

கத்தரியைத் தேடி மேஜைக்கடியில் குனிந்த ககாய் நிமிரவில்லை.

"சிஸ்டர்?"

"திரும்பாதீங்க." மேஜைக்கடியிலிருந்து வந்தது குரல். "உங்க குதிகால ஒட்டி பூட்ஸ் நிக்குது. மேல ஆள் இல்ல."

வாமோனோ மழையில் நனைந்து ஓடி வந்தார். அவரே முடித்துக்கொடுத்தார். "என் பூட்ஸ் எங்க?" என்று கேட்டதற்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. தேடியும் கிடைக்கவில்லை.

நம்போசோ மறுபடி சந்தையில் தார் விற்கிறாள், பேரம்தான் படியாது. ககாய் மாற்றல் வாங்கிக்கொண்டு சொரோட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். முகிடே கம்பாலாவில் மருந்துக் கடை வைத்திருக்கிறான். நபுவீரே கத்தியையே விட்டுவிட்டு, டொரொரோவில் ஒரு நில அளவைக்காரரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணப் போட்டோ ஒன்று குடியிருப்புக்கும் வந்து, வீடு வீடாகச் சுற்றியது. சரிகை, பூ, சிரிப்பு, எல்லாம் லட்சணம்தான். இடது தோளில் மட்டும் கையகலத்துக்கு ஈரம். தரையைத் தொடும் வெள்ளை உடையின் விளிம்புக்கு வெளியே, அவள் குதிகாலை ஒட்டி, வெள்ளை ரப்பர் பூட்ஸின் முனைகள் இரண்டு.