தேன்புடவுக்குள் முக்கால் நிமிடம்

“பதினொன்றரைக்கு வெயில் புடவுக்குள்ள இறங்கும், தங்கச்சி. கால் மணி நேரந்தான் நிக்கும். அதுக்குள்ள எடுத்தா உண்டு, இல்லாட்டி இல்ல!” என்று சொல்லிவிட்டுச் சோலைமலை நடையை எட்டிப் போட்டார்.

ஒச்சம்மா முதுகுப் பையை இறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். சனிக்கிழமை, காலை ஆறு மணி. கூகைமலையின் உச்சி இன்னும் பனிக்குள் இருந்தது. அந்தச் சரிவில் இருபது வருடமாக ஆடு மேய்ப்பவர் சோலைமலை. கடைசியாகத் தோளில் வடக்கயிற்றோடு வந்தவன் சிக்கந்தர். கிணறு தூர்வாருகிறவன், எந்த ஆழத்திலும் ஆளை இறக்கி ஏற்றத் தெரிந்தவன். ஒச்சம்மா உசிலம்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்தாள். கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துப் பழகிய கை. மலையேறுவது இதுதான் முதல் தடவை.

புடவு என்று ஊரில் சொல்லும் அந்த மலைக் குகைக்குள் ஆதிமனிதர்கள் வரைந்த ஓவியம் இருக்கிறது என்று முதலில் கண்டு சொன்னவர் அவளுடைய கணவர் தவமணி, பள்ளிக்கூட ஆசிரியர். போனில் ஒரு படமும் எடுத்து வந்தார். பாதிப் படம் வெயிலில் வெள்ளையாக வெந்துபோயிருந்தது. மறுபாதி கரிக்கட்டி. “வாத்தியாரே, கரிச்சட்டியையா படம் பிடிச்சீங்க?” என்று ஊரே சிரித்தது. பத்து மாதத்துக்கு முன்பு மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது அந்த மலையை உடைக்கக் குவாரிக்காரர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. “சுவர் முழுசும் தெரியுற ஒரு படம் குடுங்கம்மா, நான் பேசுறேன்,” என்றிருந்தார் தொல்லியல் அதிகாரி. மீதம் இருந்தது இரண்டே நாள்!

பத்து மணிக்குப் புடவின் வாயை அடைந்தார்கள். பாறை விளிம்பில் ஏழெட்டுத் தேனடைகள், ஒவ்வொன்றும் முறம் அகலத்துக்குக் கறுத்துத் தொங்கின. சோலைமலை உதட்டில் விரல் வைத்தார்.

“மலைத்தேனீ. சத்தம் போடாத. ஃபிளாஷ் கிளாஷ் அடிச்சிராத. ஒண்ணு கிளம்புனா அம்புட்டும் கிளம்பும்!”

மூவரும் குனிந்து நகர்ந்தார்கள். சிக்கந்தரின் பிடரியில் ஒரு தேனீ கொட்டியது. அவன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். கண்ணில் நீர் முட்டியது. ஒரு முனகல்கூட வெளிவரவில்லை.

உள்ளே பாறை இடுக்கு ஒன்று இருந்தது. சோலைமலையின் தோள் அதில் நுழையவில்லை. சிக்கந்தருக்கு மார்பு சிக்கியது.

“வாத்தியார் ஒல்லி. அவரு மட்டுந்தான் உள்ள போவாரு,” என்றார் சோலைமலை.

“நான் போறேண்ணே.”

சிக்கந்தர் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். “ஒரு இழுப்புன்னா கயிறு விடுறேன். மூணு இழுப்புன்னா உங்கள வெளிய இழுத்துருவேன். பயப்படாதீங்கக்கா.”

பையை முன்னால் தள்ளித் தள்ளி, வயிற்றால் ஊர்ந்து போனாள். முழங்கை உரிந்தது. இருபதடி தாண்டியதும் பாதை சட்டென்று முடிந்தது. டார்ச்சை அடித்தாள். எதிரே பெரிய சுவர். கீழே அடி தெரியாத குழி! குழியின்மேல் நீட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு குட்டைப் பலகைப் பாறை. அதன் நுனியிலிருந்து பார்த்தால்தான் முழுச் சுவரும் தெரியும்.

காலெடுத்து வைத்தாள். பாறை ஆடியது!

மூச்சை அடக்கி முக்காலியை நிறுத்தி, கேமராவைப் பூட்டினாள். தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைக் கேமராவோடு ஒயரால் இணைத்தாள். ஸ்டுடியோவில் அவள் பழகிப் பார்த்த ரிமோட் அது. போனிலிருந்து கட்டளை கொடுத்தால் போதும். கேமராவை யாரும் தொட வேண்டாம். ஒரே சுவரை ஏழு தடவை எடுக்கும். முதல் படத்துக்குக் கண் சிமிட்டும் நேரம்; வெயில் பட்ட இடம் தெளிவாக விழும். அடுத்தடுத்து நேரம் நீண்டு, ஏழாவது படம் முப்பது விநாடி; மொத்தம் முக்கால் நிமிடம். இருட்டில் கிடப்பதெல்லாம் விழும். ஏழையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால் வெயிலும் நிழலும் ஒரே படத்தில் நிற்கும். ஆனால் கேமரா இம்மியும் அசையக் கூடாது. அதனால் அவள் அந்தப் பாறையில் நிற்கக் கூடாது!

பின்வாங்கி இடுக்கின் வாயில் குப்புறப் படுத்தாள். பாறைக்கு அடியிலிருந்து மண் உதிரும் சத்தம் கேட்டது. அவள் கனத்தில் ஏதோ இளகியிருக்கிறது!

பதினொன்றரை. கூரை ஓட்டையிலிருந்து வெயில் ஒரு தூண்போல இறங்கியது. போனைத் தொட்டாள். க்ளிக். க்ளிக். மூன்றாவது படத்தில் வௌவால்கள் கிளம்பிக் கேமராவில் மோதிப் பறந்தன. படம் கலங்கிவிட்டது. மறுபடி தொடங்கப் போனபோது வெயிலே அணைந்தது. வெளியே மேகம்!

காத்திருந்தாள். கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். இங்கே அவளும் குழியும்தான். தவமணி இதே இடத்தில் இப்படித்தான் தனியாகப் படுத்துக் கிடந்திருப்பார். அவர் எதைப் பார்த்துச் சிரித்திருப்பார்? யாரிடம் சொல்லத் திரும்பியிருப்பார்? “என்னங்க,” என்று மெல்லக் கூப்பிட்டாள். குகை அவள் குரலையே திருப்பித் தந்தது.

பதினொன்று நாற்பத்துமூன்று. வெயில் திரும்ப வந்தது! இரண்டே நிமிடம் மிச்சம். தொட்டாள்.

க்ளிக். க்ளிக். க்ளிக். நாலு. அஞ்சு.

போன் திரையில் ‘இணைப்பு இல்லை’ என்று வந்தது. ஆனால் கருவி வாங்கிய கட்டளையை மறக்கவில்லை. ஆறு! ஏழாவது படத்துக்குக் கேமரா கண் திறந்தது. முப்பது விநாடி.

அப்போதுதான் பாறைக்கு அடியிலிருந்து ஒரு கல் கழன்று குழிக்குள் விழுந்தது. அடி தொட்ட சத்தமே வரவில்லை. அடுத்து இன்னொன்று. இப்போதே பாய்ந்து பிடித்தால் கேமரா தப்பிக்கும், படம் போய்விடும். பிடிக்காவிட்டால் எல்லாமே குழிக்குள்!

கையைக் கேமரா வாருக்கு ஒரு சாண் தூரம்வரை நீட்டி வைத்துக்கொண்டு, தொடாமல் எண்ணினாள். இருபத்தஞ்சு... இருபத்தெட்டு...

க்ளிக்!

வாரை எட்டிப் பிடித்தாள். அதே நொடி பாறை சரிந்தது! முக்காலி கழன்று பறந்தது. ஒயர் அறுந்து தீப்பெட்டிக் கருவி இருட்டுக்குள் போனது. கேமராவின் கனம் அவளை இழுத்தது. மற்றக் கையால் கயிற்றை மூன்று தடவை வெட்டி இழுத்தாள். சிக்கந்தர் அவளைத் தரதரவென்று வெளியே இழுத்தான்.

“என்னாச்சுக்கா? கை எல்லாம் ரத்தம்!”

“லென்சு உடைஞ்சிருச்சு சிக்கந்தர்,” என்றாள், தேனீக்களுக்குப் பயந்து கிசுகிசுப்பாக. “மெமரி கார்டு இருக்கு.”

ஞாயிறு காலை ஸ்டுடியோவில் மூவரும் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தார்கள். ஏழு படமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. வெயில் பட்ட பக்கத்தில் மான் கூட்டம் ஓடியது. கறுத்துக் கிடந்த பக்கத்திலிருந்து செங்காவியில் மனிதர்கள் எழுந்து வந்தார்கள். கைகோத்து ஆடும் ஒரு நீண்ட வரிசை!

“ஏயப்பா! எத்தன பேரு!” சோலைமலை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “வாத்தியாரு மானத்தான் சொன்னாரு. இந்த ஆளுகளப் பத்தி ஒரு வார்த்த சொல்லலயே?”

“டார்ச்சு வெளிச்சத்துக்கு இது தட்டுப்பட்டிருக்காதுண்ணே,” என்றாள் ஒச்சம்மா. அவர் பார்க்காததை அவள் பார்த்துவிட்டாள். சொல்வதற்கு அவர் இல்லை. எழுந்து போய் மூன்று பேருக்கும் டீ போட்டாள்.

திங்கட்கிழமை தொல்லியல் அதிகாரி படத்தை நெடுநேரம் பார்த்தார். விசாரணை அரை மணியில் முடிந்தது. மலையில் வெடி வைக்கத் தடை! வெளியே காத்திருந்த ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். அன்று சிரித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

“கண்டுபிடித்தவர் பெயர்?” என்று கேட்டார் அதிகாரி.

“ரா. தவமணி.”

எழுதிக்கொண்டே, “அவர் மலைக்குப் போறப்ப நீங்க கூடப் போகலையாம்மா? நீங்கதானே போட்டோகிராபர்?” என்றார்.

“கூப்பிட்டாரு சார். ரெண்டு வருஷம் கூப்பிட்டாரு. எனக்கு முகூர்த்த நாளா இருந்துச்சு.”

அதிகாரி தவமணியின் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதித் தாளை அவளிடம் கொடுத்தார். வேலை எப்போதும் இருக்கும், கூப்பிடுகிறவர் எப்போதும் இருக்கமாட்டார் என்பதை ஒச்சம்மா தாமதமாகத்தான் அறிந்தாள். அந்தத் தாளை மடிக்காமல் நேராகப் பிடித்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் நின்ற வாசலை நோக்கி நடந்தாள்.