தளபதியின் பல்லில் ஏறிய கறுப்பு

“இந்த வாய்க்கு நான் மை பூச மாட்டேன் ஐயா. இது தொய்தா இல்ல. என் புருஷன்.”

“வாய மூடிட்டுப் பூசு.”

“அந்தக் காதப் பாருங்க. குடிச்சிட்டு வந்த அன்னிக்குக் கஞ்சிக் கரண்டியால நான் சுட்ட தழும்பு. எதிரித் தளபதிக்கும் நானா போய்ச் சுட்டேன்?”

மூங்கில் வேலிக்கு இந்தப் பக்கம் சோயா வேகவைத்துக்கொண்டிருந்த நான் அடுப்பை அப்படியே விட்டேன். சண்டையைப் பாதியில் விடுவது என் வழக்கமில்லை.

போர் முடிந்தால் எங்கள் தெருப் பெண்கள் தளபதி ஹிராகாவின் முற்றத்தில்தான் வெட்டிய தலைகளைக் கழுவி, முடி சீவி, பலகையில் வைப்பார்கள். பெரிய இடத்துச் சாமுராய்களின் பல் மட்டுமே கறுப்பாயிருக்கும். சாதாரணச் சிப்பாயின் பல்லில் கறுப்பேற்றினால் அவனும் தளபதிதான்; செத்த பிறகு வரும் பதவி உயர்வு.

எதிரித் தளபதி தொய்தாவின் தலையை அன்று மாலைக்குள் கொண்டுவருவதாக ஹிராகா தன் எஜமானரான பிரபுவிடம் சத்தியம் செய்திருந்தார். தவறினால் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்ள வேண்டும். தொய்தாவோ குதிரையேறித் தப்பிவிட்டான். அவனைப் போலவே அகன்ற தாடை கொண்டவன் ஹிராகாவின் ஈட்டிக்காரன் கிஹெய். பாவம், அந்தத் தாடை.

கிஹெய்யின் மனைவி ஒதாசே தலையைத் திருப்பிக் காட்டினாள். “வெட்டு பின்னாலேர்ந்து விழுந்திருக்கு. எதிரிக்கு முதுகு காட்டுற ஆளில்ல அவரு. உங்களுக்குத்தான் காட்டினாரு.”

வாள் இறங்கியது. அவளுடைய இடக்கை விரல்கள் இரண்டு தண்ணீர்த் தொட்டியில் விழுந்தன.

“மை பூச ஒரு கை போதும்,” என்றார் ஹிராகா.

பூசினாள். துரு ஊறிய காடியில் காய்ச்சிய அந்த மையின் புளித்த நாற்றம் வேலி தாண்டி வந்தது. முடித்ததும் அந்தச் சுட்ட காதருகே குனிந்தாள்.

“வாங்கினத திருப்பிக் குடுத்துட்டு வாங்க.”

தலையின் உதடுகள் மெல்ல மூடின.

மாலையில் பிரபுவின் கூடாரத்தில் நடந்ததைத் தலைப்பலகை சுமந்தவனிடம் கேட்டு வாங்கினேன். பிரபு விசிறி நுனியால் தலையின் உதட்டை விலக்கினாராம்.

பல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“யாருடா இவன், ஹிராகா?”

ஹிராகா அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவர். தன் பல்லில் மை தொட்டதே இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

அத்தனை பல்லும் கறுப்பு.

தாடை தானாக மூடியது. நாக்கு பாயில் விழுந்தது. மறுபடி திறந்து, மறுபடி மூடியது. உதடு, பிறகு தடுக்கப்போன தன் விரல்கள். பார்க்கச் சகியாமல் பிரபு வெட்டச் சொன்னார். வெட்டுண்ட தலை அதன் பிறகும் பாயைக் கடித்துக்கொண்டிருந்ததாம்.

அதைக் கழுவ ஒதாசேயிடமே அனுப்பினார்கள். நன்றாகவே தேய்த்தாள். கறுப்பு போகவில்லை.

மறு வருஷம் அவள் ஓர் உப்பு வியாபாரியைக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். ஊர் பேசியது, நானும் கொஞ்சம் பேசினேன். ஹிராகாவின் மனைவி தலையை மழித்துக்கொண்டு மடத்தில் சேர்ந்தாள். அந்த வீட்டுக்குக் குடிவந்தவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு காலி செய்தார்கள்.

நடுவில் இருப்பது மூங்கில் வேலிதான், எவ்வளவைத் தடுக்கும்?

இப்போதெல்லாம் நான் அங்கியின் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறேன். பல்லைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன்.